மூணு வருசமா இந்த மார்க் சாஃப்ட்வேரோட குடும்பம் நடத்துன கதை

நான் மதுரைக்குப் பக்கத்துல ஒரு அட்டானமஸ் காலேஜ்ல காமர்ஸ் டிபார்ட்மெண்ட்ல வேலை பாக்குறேன். காலேஜ் பேரு, சாஃப்ட்வேர் பேரு ரெண்டும் வேணாம், நாளைக்கும் அங்கதான் போய் கையெழுத்துப் போடணும். இன்டர்னல் மார்க் ஏத்துறதுல இருந்து எஸ்ஜிபிஏ, அதாவது ஒரு செமஸ்டருக்கான சராசரி கிரேடு பாயிண்ட், வர்ற வரைக்கும் எல்லாமே ஒரே சாஃப்ட்வேர்லன்னு மாத்தி ஆறு செமஸ்டர் ஓடிருச்சு. மொத செமஸ்டர்ல எழுதியிருந்தா திட்டியே தீத்திருப்பேன், அடுத்த வருசம் எழுதியிருந்தா கொஞ்சம் ஓவரா புகழ்ந்திருப்பேன்.

பழசு எப்படின்னா, எக்செல்ல போட்டு, அதைப் பாத்து கன்சாலிடேட்டட் ஷீட் மூணு காப்பி கையால எழுதி, வெட்டித் திருத்துன எடத்துலல்லாம் இனிஷியல் வச்சு, எச்ஓடி கையெழுத்து, சீல், அப்புறம் எக்ஸாம் செக்ஷன்ல ஒரு அண்ணே உக்காந்து அதையே திரும்ப டைப் அடிப்பாரு. ஒரே மார்க்கை மூணு பேரு மூணு தடவ எழுதுறோம், தப்பு வராம எப்படி இருக்கும். இப்ப நான் ஒருக்கா ஏத்துனா முடிஞ்சுது. பிள்ளைகளுக்கும் போன்லயே தெரிஞ்சுருது. உசிலம்பட்டிக்கு அங்கிட்டு இருந்து வர்ற பிள்ளைக லீவு நாள்ல நோட்டீஸ் போர்டு பாக்குறதுக்குன்னே பஸ் ஏறி வந்ததுல்லாம் நின்னு போச்சு, இந்த ஒன்னுக்காகவே நான் இதை வேணாம்னு சொல்ல மாட்டேன்.

சரி, இனி புலம்பல்.

எங்களுக்கு இன்டர்னல் 25, எக்ஸ்டர்னல் 75. அந்த 25ல ரெண்டு டெஸ்ட்டு ஆவரேஜ் 15க்கு, அசைன்மென்ட் 5, செமினார் 5. டெஸ்ட்டு 50 மார்க்குக்கு, அதை 15க்கு சுருக்கணும். ரெண்டாவது செமஸ்டர்ல ஒரு பிள்ளை வந்து நின்னுச்சு. "மேடம், நான் 33, 37. ஆவரேஜ் 35 வருது. 15க்கு சுருக்குனா பத்தரை. எனக்கு 10 போட்டிருக்கு, அவளுக்கு ஆவரேஜ் 25, ஏழரைதான் வரும், அவளுக்கு மட்டும் 8 ஆக்கியிருக்கு. ஏன் மேடம்?" நான் பாத்தேன், கரெக்டாத்தான் கேக்குது. இன்னொரு பயலுக்கு ஆவரேஜ் 45, பதிமூனரை, அவனுக்கும் 14னு ஏத்தி விட்டிருக்கு. ஏழரைக்கு ஏறுது, பதிமூனரைக்கு ஏறுது, பத்தரைக்கு மட்டும் எறங்குது. ஏழரைய கூட ஏத்தி விட்டுருச்சேன்னு ஸ்டாஃப் ரூம்ல ஒரே சிரிப்பு, ஆனா அந்தப் பிள்ளை சிரிக்கல.

கம்பெனிக்கு போன் போட்டா "சிஸ்டம் கரெக்ட்டுதான் மேடம்"ங்குறாய்ங்க. கடைசில எங்க கம்ப்யூட்டர் சயின்ஸ் டிபார்ட்மெண்ட் சார் ஒருத்தர்தான் லேப்டாப்பத் தொறந்து காட்டுனாரு. பைத்தான்ங்குற ப்ரோக்ராமிங் மொழில சும்மா ரவுண்டுனு போட்டா சரியா அரைல நிக்குற நம்பரை பக்கத்துல இருக்குற ரெட்டைப்படைக்கு கொண்டு போகுமாம். 7.5க்கு பக்கத்து ரெட்டைப்படை 8, 13.5க்கு 14, ஆனா 10.5க்கு 10. இதுக்குப் பேரு பேங்கர்ஸ் ரவுண்டிங், நெறைய நம்பரைக் கூட்டும்போது எப்பவும் மேலயே ஏத்திக்கிட்டு இருந்தா மொத்தம் வீங்கிரும்னு வச்ச முறை. கணக்குக்கு அது சரிதான். ஆனா நம்ம ஊர்ல அரைன்னா மேலதான்னு ஒன்னாங்கிளாஸ்ல இருந்து படிச்சு வந்த பிள்ளைகிட்ட போய் ரெட்டைப்படை கதை சொல்ல முடியுமா? எக்செல் ரவுண்டும் அரைய மேலதான் தள்ளும், அதனாலதான் இத்தனை வருசமா எங்களுக்கு இது கண்ணுலயே படல. நாலு மாசம் லெட்டரா எழுதி, அரை வந்தா மேலன்னு காலேஜ் எழுத்துல குடுத்தப்புறம்தான் மாத்துனாய்ங்க. பழைய மார்க்கையும் திருத்துனாங்க, அதைச் சொல்லணும்.

இதுல என் தப்பு ஒன்னும் வெளிய வந்துச்சு, மறைக்க விரும்பல. எக்செல்ல ஆப்சென்ட் ஆன பிள்ளைக்கு ஏபின்னு எழுதிட்டு ஆவரேஜ் பார்முலா போட்டுக்கிட்டு இருந்தேன். எக்செல் ஆவரேஜ் எழுத்தைக் கணக்குலயே சேக்காது. அதாவது ஒரு டெஸ்ட்டுல 40, இன்னொன்னுக்கு வரலன்னா ஆவரேஜ் 40னே காட்டும், ரெண்டு டெஸ்ட்டும் காச்சல்ல வந்து எழுதுன பிள்ளைக்கு 32 வந்திருக்கும். புது சாஃப்ட்வேர் ஏபிய 0ன்னு எடுத்து 20 போட்டுச்சு. நான் சாஃப்ட்வேர் தப்புன்னு சண்டைக்குப் போயி, பாத்தா ரூல் புக்ல அப்படித்தான் இருக்கு, ரீடெஸ்ட் எழுதுனாத்தான் மார்க்கு. எத்தனை வருசம் எத்தனை பேருக்கு நான் சும்மா மார்க்கை வாரிக் குடுத்திருக்கேனோ, அழகருக்கே வெளிச்சம்.

அழகருன்னதும் ஞாபகம் வருது. ஈவன் செமஸ்டர் இன்டர்னல் மார்க்கை இனி யாரும் மாத்த முடியாதபடி லாக் பண்ற தேதி சித்திரைத் திருவிழா கிட்டத்தான் வரும். லாக் பண்ண ஓடிபி எச்ஓடி போனுக்குத்தான் போகும், சார் அழகர் ஆத்துல எறங்குறதப் பாக்க ஆழ்வார்புரம் பக்கம் கூட்டத்துல நிக்கிறாரு. அந்தக் கூட்டத்துல போன் பேசுனாலே கேக்காது, ஓடிபிய எங்க படிச்சு சொல்ல. பத்து நிமிசத்துல அது செத்துப் போகும், மறுபடி கேக்கணும், மூணு தடவைக்கு மேல கேட்டா ஒரு மணி நேரம் பூட்டிக்கும். அன்னைக்கு சாயங்காலம் வரைக்கும் நாங்க நாலு பேரு சிஸ்டம் முன்னாடி மோர் குடிச்சுக்கிட்டே உக்காந்திருந்தோம். தேதிய மாத்துங்கன்னு மூணு வருசமா கேக்குறோம், இன்னும் அப்படியேதான் இருக்கு.

எஸ்ஜிபிஏ பக்கம் ஒரு பிரச்சனையும் இல்ல, பிள்ளைகளுக்குப் புரிய வைக்கிறதுதான் பாடு. ஓ கிரேடுக்கு 10, ஏ பிளஸுக்கு 9, அப்படியே எறங்கி பாஸுக்கு 4, ஃபெயிலுக்கும் ஆப்சென்ட்டுக்கும் 0, இது யுஜிசி குடுத்த 10 பாயிண்ட் முறைதான். கிரெடிட்டுன்னா அந்தப் பேப்பருக்கு உள்ள வெயிட்டு. 5 கிரெடிட் பேப்பர்ல 6 பாயிண்ட், 2 கிரெடிட் பேப்பர்ல 10 பாயிண்ட் எடுத்த பையன் ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்து 8னு சொல்லிக்கிட்டு திரிவான். கிரெடிட்டால பெருக்கி 30ம் 20ம் கூட்டுனா 50, அதை 7ஆல வகுத்தா 7.14தான். இப்ப இந்தப் பெருக்கலையே ஸ்க்ரீன்ல வரிசையா காட்டுது, அதனால சண்டை பாதி கொறஞ்சிருச்சு.

இன்னும் தீராதது மவுஸ்தான். மார்க் கட்டத்துல கர்சர் இருக்கும்போது பக்கத்தை எறக்கலாம்னு மவுஸ் சக்கரத்தை உருட்டுனா பக்கம் நகராது, அந்தக் கட்டத்துல இருக்குற 42 சத்தமில்லாம 41, 40னு எறங்கும். எங்க டிபார்ட்மெண்ட் அக்கா ஒருத்தவங்க இப்படி ஏழு பேருக்கு மாத்தி விட்டு லாக்கும் பண்ணிட்டாங்க, திறக்குறதுக்கு பிரின்சிபால் வரைக்கும் போகணும். கம்பெனில சொன்னா "அடுத்த அப்டேட்ல"ங்குறாய்ங்க, அந்த அடுத்த அப்டேட் எப்ப வருமோ. அதனால நான் மவுஸைக் கழட்டி டிராயர்ல போட்டுட்டு டேப் கீ தட்டியே ஏத்துறேன், லாக் பண்ணுறதுக்கு முன்னாடி பக்கத்து சீட் மேடம் பழைய மார்க் நோட்டைப் பாத்து சத்தமா வாசிப்பாங்க, நான் ஸ்க்ரீனைப் பாத்து "ம்" கொட்டுவேன். அந்த பத்தரை பிள்ளை இப்ப எம்.காம் சேந்திருக்கு எங்ககிட்டயே. மார்க் ஏத்துற நேரம் ஸ்டாஃப் ரூம் வாசல்ல தலைய நீட்டி "அரை இருக்கா மேடம்?"னு கேட்டுட்டுத்தான் போகுது.