ஒன்றரை அடிச் சுவரும் கேட்6 கேபிளும்: இணையவழி இசை வகுப்புக்கு நான் வாங்கியவை

இணையத்தில் நேரலையாகப் பாடம் எடுப்பவர்கள், மருத்துவ ஆலோசனை சொல்பவர்கள், எந்நேரமும் மீட்டிங்கில் இருப்பவர்கள் தயவுசெய்து வைஃபையை மட்டும் நம்பி இருக்காதீர்கள். நல்ல செம்பில் கேட்6 தர நெட்வொர்க் கேபிள், ஒரு கேபிளில் வரும் இணைப்பைப் பல கருவிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் எட்டு போர்ட் ஸ்விட்ச், மடிக்கணினியில் அந்தக் கேபிளை மாட்ட ஒரு லேன் அடாப்டர். இந்த மூன்றும் வந்த பிறகு என் வகுப்பு அடியோடு மாறிவிட்டது. மூன்றிலும் காசைக் கொட்ட வேண்டிய இடம் ஒன்றுதான், கேபிள். அதைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன்.

கும்பகோணத்தில் வயலின் சொல்லிக்கொடுக்கிறேன். மாணவர்களில் பலர் சிங்கப்பூரிலும் நியூ ஜெர்சியிலும் இருக்கிறார்கள். வீடு பழைய செங்கல்-சுண்ணாம்புக் கட்டு, சுவர் ஒன்றரை அடி. இணையம் வரும் ஃபைபர் பெட்டி, அதாவது ரவுட்டர், இருப்பது ரேழியில். வகுப்பு நடப்பது கொல்லைப்பக்க மாடி அறையில். இடையே இருக்கும் சுவர்களைத் தாண்டி வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மேலே எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. 2.4 வருகிறது, ஆனால் அக்ரஹாரத்தில் ஒட்டி ஒட்டி இருக்கும் எல்லா வீட்டு ரவுட்டரும் அதே 2.4-இல்தான் பேசிக்கொண்டிருக்கிறது.

ஸ்பீட் டெஸ்ட் போட்டால் வேகம் நன்றாகவே காட்டும். வீடியோ அழைப்புக்குச் சில எம்பிபிஎஸ் இருந்தாலே போதும், அதைவிடப் பல மடங்கு இருந்தது. இருந்தும் ஒலி அறுந்தது. வைஃபையில் ஒரே சானலில் இருக்கும் கருவிகள் எல்லாம் ஒன்று பேசி முடிக்கும்வரை மற்றவை காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் நேரம் ஒரே அளவாக இருப்பதில்லை. தரவுத் துண்டுகள் ஒழுங்கில்லாத இடைவெளியில் வந்து சேர்வதைத்தான் ஜிட்டர் என்கிறார்கள். சாதாரணப் பேச்சில் இது பெரிதாகத் தெரியாது. தோடி ராகத்தின் காந்தார சுரத்தை அசைத்து வாசிக்கும்போது நடுவில் ஒரு துண்டு போய்விட்டால், அந்தப் பக்கம் இருக்கும் குழந்தை அதைத் தட்டையான சுரமாகவே பிடித்துக்கொள்ளும். பிறகு அதைத் திருத்த மாதங்கள் ஆகும். எனக்கு இது வசதிக் குறைவு அல்ல, பாடமே தப்பாகப் போய்ச் சேருகிறது.

எங்கள் எலக்ட்ரீஷியன் தம்பி, "எக்ஸ்டெண்டர் ஒன்னு மாட்டிக்கிட்டா போதுமே டீச்சர், எதுக்குச் சுவத்துல காடி வெட்டிக்கிட்டு?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் விலை குறைந்த எக்ஸ்டெண்டர்கள் ரவுட்டரிடம் கேட்டதை அதே அலைவரிசையில் திருப்பிச் சொல்பவை. வேகம் பாதியாகும், காத்திருப்பும் கூடும். சிக்னல் கோடுகள் நான்கும் நிறைந்து தெரியும், ஜிட்டர் அப்படியே இருக்கும்.

இப்போது கேபிள். டிசம்பர் சீசனுக்குச் சென்னை போனபோது, அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் மீட்டர் கணக்கில் வெட்டி வாங்கினேன். மீட்டர் 30 ரூபாய் அளவில் வந்தது. முழுப் பெட்டி 305 மீட்டர், அதாவது 1,000 அடி. ஒரு வீட்டுக்கு அவ்வளவு வேண்டாம். உறையின் மேல் நீள எண் அச்சாகி வரும். இரண்டு முனை எண்களையும் கழித்துப் பார்த்தால் சரியான அளவு கொடுத்தார்களா என்று கடையிலேயே தெரிந்துவிடும். அதே உறையில் 23 ஏ.டபிள்யூ.ஜி. என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். கேட்6-க்கு வழக்கமான கம்பித் தடிமன் அதுதான், அரை மில்லிமீட்டரைவிடச் சற்றுக் கூடுதல்.

இதற்கு முன் உள்ளூரில் ஒருவர் பாதி விலையில் ஒரு சுருள் கொண்டுவந்து காட்டினார். பார்வைக்குப் பளபளவென்று செம்பு. ஒரு கம்பியை உரித்து பிளேடால் லேசாகச் சுரண்டினேன், உள்ளே வெள்ளை. அலுமினியத்தின் மேல் செம்பு முலாம், சி.சி.ஏ. என்பார்கள். அலுமினியத்துக்கு மின்தடை அதிகம், வளைத்தால் சீக்கிரம் முறியும். கேபிள் வழியே மின்சாரம் அனுப்பும் பி.ஓ.இ. கேமராக்கள் மாட்டினால் வீணாகச் சூடும் ஆகும். கேட்6 தர விதிகள் முழுச் செம்பையே கேட்கின்றன, ஆகவே சி.சி.ஏ.வின் மேல் கேட்6 என்று அச்சடிப்பதே பொய். சுவருக்குள் புதைத்துப் பூசிய பிறகு யார் மறுபடி தோண்டுவது? பிளேடு சோதனைக்கு ஒத்துக்கொள்ளாத கடையில் வாங்காதீர்கள்.

இதற்கு முந்தைய தரமான கேட்5இ-யே 100 மீட்டர் வரை 1 ஜிபிபிஎஸ், அதாவது 1000 எம்பிபிஎஸ் தரும், இன்றைய வீட்டு இணைப்புக்கு அது தாராளம். நான் கேட்6 எடுத்ததற்குக் காரணம், விலை வித்தியாசம் சொற்பம், சுவரை ஒருமுறைதான் உடைக்கப்போகிறோம். 55 மீட்டர் வரை 10 ஜிபிபிஎஸ் தாங்கும் என்பதால் பின்னாளில் கேபிளை மாற்ற வேண்டியிருக்காது. அதற்கு மேல் போகத் தேவையில்லை. இணையக் கடைகளில் கேட்7, கேட்8 என்று பட்டையான கேபிள்கள் குவிந்து கிடக்கின்றன. உண்மையான கேட்7 தரத்துக்குச் சொன்ன கனெக்டரே வேறு, நம் வீட்டு ஆர்.ஜே.45 அல்ல. கேட்8 தரவு மையங்களுக்காக வந்தது, அதன் எல்லையே 30 மீட்டர். எண் பெரிதாக இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம். அந்தக் காசைச் செம்பில் போடுங்கள்.

இழுக்கும் வேலையில் இரண்டு விஷயங்களை நான் அனுமதிக்கவில்லை. ஒன்று, கரண்ட் வயர் போகும் பைப்பிலேயே இதையும் சேர்த்து விடுவது. நேரம் மிச்சம்தான், ஆனால் பாதுகாப்புக்கும் ஆகாது, சிக்னலுக்கும் ஆகாது. தனியாக முக்கால் இஞ்ச் பி.வி.சி. பைப் போட்டு, கரண்ட் பைப்பைக் கடக்கும் இடத்தில் குறுக்காக மட்டும் கடக்க வைத்தோம். இரண்டாவது, மூலைகளில் மடக்குவது. கேபிள் தடிமனைப் போல நான்கு மடங்கு வளைவாவது வேண்டும், அதனால் எல்போவுக்குப் பதில் நீண்ட பெண்டு. பழைய சுண்ணாம்புச் சுவர் உளியடி பட்டால் பொலபொலவென்று உதிரும். தம்பி பொறுமையாக, அகலம் கூடாமல் காடி எடுத்தார். கேபிளோடு ஒரு நைலான் கயிற்றையும் பைப்பில் விட்டு வைத்திருக்கிறார். இன்னொரு கேபிள் வேண்டுமென்றால் கயிற்றில் கட்டி இழுத்துக்கொள்ளலாம்.

முனையில் நேராக கனெக்டர் அடிக்காமல், சுவரில் ஐ.ஓ. பாக்ஸ் என்ற நெட்வொர்க் சாக்கெட் வைத்து, கம்பிகளை அதில் அழுத்திச் செருகும் கிரோன் டூலால் அடித்தோம். சுவருக்குள் போகும் ஒற்றைக் கம்பி கேபிள் அசையாமல் இருக்கத்தான் லாயக்கு. மேஜைவரை வருவதற்கு வளைந்து கொடுக்கும் பேட்ச் கார்டு என்ற குட்டிக் கேபிள். நிற வரிசை டி568பி: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. இரு முனையிலும் அதே வரிசை. கம்பிகள் இரண்டிரண்டாக முறுக்கி வரும், அந்த ஜோடி முறுக்கை அரை இஞ்சுக்கு மேல் பிரிக்கக் கூடாது, அந்த முறுக்குதான் ஒரு ஜோடியின் இரைச்சல் அடுத்த ஜோடியில் ஏறாமல் தடுக்கிறது.

வேலை முடிந்ததும் கேபிள் ஓடுகிறது என்று விட்டுவிடாதீர்கள். எனக்கு முதலில் இணையம் நன்றாகவே வந்தது, ஆனால் விண்டோஸில் லிங்க் ஸ்பீட், அதாவது கேபிள் இணைப்பின் வேகம், 1000 எம்பிபிஎஸ்ஸுக்குப் பதில் 100 என்று காட்டியது. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இரண்டு ஜோடி போதும், கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். ஒரு கம்பி சரியாக உட்காராவிட்டால் கருவிகள் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். மாடி பாக்ஸில் பழுப்புக் கம்பியை மறுபடி அடித்ததும் 1000 வந்தது. எட்டு விளக்கு எரியும் சின்ன டெஸ்டர் தொடர்ச்சியை மட்டும்தான் பார்க்கும், ஜோடி மாறிப் போயிருந்தாலும் வரிசை சரியாக இருந்தால் எரிந்துவிடும். ஆகவே லிங்க் ஸ்பீடையும் பாருங்கள். உங்கள் ஃபைபர் பெட்டியில் ஒரு போர்ட் மட்டும் கிகாபிட், மற்றவை 100 என்றும் இருக்கக்கூடும். எந்தத் துளையில் மாட்டுகிறீர்கள் என்பதும் முக்கியம்.

ஸ்விட்ச்சுக்கு டிபி-லிங்க் டிஎல்-எஸ்ஜி108 எடுத்தேன், ரூ. 2,000-ஐ ஒட்டிய விலை. உலோகப் பெட்டி, மின்விசிறி கிடையாது. மைக் வைத்திருக்கும் அறையில் சத்தமே இல்லாத கருவி எனக்குப் பெரிய விஷயம். எந்த செட்டிங்கும் இல்லை, மாட்டினால் வேலை செய்கிறது. டிவிக்கும் இதிலிருந்தே ஒரு கேபிள் போகிறது. பெரும்பாலான டிவிகளின் லேன் போர்ட் 100 எம்பிபிஎஸ் மட்டுமே, ஆனால் 4கே படத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்பது 15 தான். மடிக்கணினியில் லேன் துளை இல்லாததால் யுகிரீனின் யு.எஸ்.பி. 3.0 அடாப்டர். வாங்கும்போது 10/100/1000 என்று மூன்றும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், 10/100 மட்டும் உள்ளவையும் அதே தோற்றத்தில் விற்கின்றன.

மாடியிலிருந்து ரவுட்டருக்கு பிங் போட்டால், அதாவது ஒரு சின்னச் செய்தி போய்வரும் நேரத்தை அளந்தால், வைஃபையில் 4 மில்லி நொடி வந்த அடுத்த வரியில் 120 வரும். இப்போது வரிக்கு வரி 1 மில்லி நொடிக்கும் குறைவு. ஜூமில் இசைக்கென்று இருக்கும் உயர்தர ஒலி அமைப்புக்கு அந்த நிறுவனமே கேபிள் இணைப்பைத்தான் பரிந்துரைக்கிறது, அதைப் போட்டு வகுப்பெடுத்தபோது வில் திரும்பும் மெல்லிய உரசல்கூட அந்தப் பக்கம் கேட்கிறது என்றாள் என் மாணவி. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கேபிளால் ஆகாததும் உண்டு. மாணவியோடு சேர்ந்து ஒரே தாளத்தில் வாசிப்பது இன்னும் நடக்காது. நியூ ஜெர்சி 13,000 கிலோமீட்டருக்கு மேல், கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு 2 லட்சம் கிலோமீட்டர். போய்வரவே குறைந்தது 130 மில்லி நொடி, நடைமுறையில் அதைவிட அதிகம். நான் வாசித்து நிறுத்த, அவள் திருப்பி வாசிக்க, அப்படித்தான் பாடம்.

கரண்ட் போகும் ஊர்க்காரர்கள் ஃபைபர் பெட்டி, ஸ்விட்ச் இரண்டையும் இன்வெர்ட்டர் லைனில் போட்டு, இன்வெர்ட்டரை யு.பி.எஸ். மோடில் வையுங்கள். இல்லாவிட்டால் லைன் மாறும் கணத்தில் பெட்டி அணைந்து எழும். பக்கத்து வீட்டுக்கு மொட்டை மாடி வழியே இதே கேபிளை இழுக்கலாமா என்று அண்ணி கேட்டாள். வேண்டாம். வெயிலில் சாதாரண பி.வி.சி. உறை வெடித்துவிடும், ஐப்பசி இடி மின்னலில் அந்தச் செம்பு வழியாக இரண்டு வீட்டுக் கருவிகளும் போய்விடலாம். அந்த இடத்துக்கு ஃபைபர்தான் சரி, அதில் மின்சாரம் ஏறாது.