அப்பாவின் பழைய கம்ப்யூட்டர்: விண்டோஸ் 10, 11, லினக்ஸ் மின்ட்

பெங்களூர் அல்சூர் வீட்டில் அப்பா வைத்திருப்பது இன்டெலின் ஏழாம் தலைமுறை ஐ5 ப்ராசஸர் உள்ள கம்ப்யூட்டர். வேகத்தில் குறையே இல்லை. ஆனால் 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்பது எட்டாம் தலைமுறை ப்ராசஸர். பென்ஷன் கணக்கையே அதில்தான் பார்க்கிறார், சும்மா விட முடியுமா?

கூடுதல் பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் சேர்ந்து 2026 அக்டோபர் 13 வரை ஓட்டலாம். இல்லையென்றால், எஸ்.பி. ரோடு கம்ப்யூட்டர் கடைக்காரர் சொன்னதுபோல், வன்பொருள் சோதனையைத் தாண்டவைத்து விண்டோஸ் 11 ஏற்றலாம். மூன்றாவது, விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகப் போட்டுக்கொள்ளக்கூடிய லினக்ஸ் மின்ட். நான் போட்டுக் கொடுத்தது மின்ட் 22.

வேகம், தோற்றம் பற்றி நிறையப் பேர் பேசியாயிற்று. நான் பார்த்தது ஒன்றைத்தான்: ஒரு பாதுகாப்பு ஓட்டை வெளியே தெரிந்தபின் அதை அடைக்கும் பேட்ச் அப்பாவின் மெஷினில் போய் உட்காருமா? 2017-இல் விண்டோஸில் இருந்த எடர்னல்புளூ ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே பேட்ச் கொடுத்துவிட்டது. அந்த ஓட்டை வழியாக, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாக்ரை பரவியது மே 12 அன்று. மாட்டியவற்றில் பெரும்பாலானவை விண்டோஸ் 7, அப்போது ஆதரவில் இருந்த பதிப்பு. பேட்ச் இருந்தது, போடவில்லை.

அப்பாவும் அப்படித்தான். அணைக்கும்போது அப்டேட் ஓடினால் நடுவில் கரண்ட் போய்விடுமோ என்று பயந்து, தள்ளிப் போட்டுக்கொண்டே இருப்பார். மின்டில் தானியங்கி அப்டேட்டைப் போட்டுவிட்டேன். அவர் கடிதம் அடித்துக்கொண்டிருக்கும்போதே பின்னால் இறங்கிவிடுகிறது. ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரே ஆபீஸ் எல்லாம் அதே வழியில். சிஸ்டத்தின் மையப் பகுதியான கர்னல் மாறினால் மட்டும் ரீஸ்டார்ட் வேண்டும். அவர்தான் தினமும் ராத்திரி அணைக்கிறாரே. ஏதாவது கெட்டுப்போனால் முந்தைய நிலைக்குத் திரும்ப டைம்ஷிஃப்ட் இருக்கிறது. இதெல்லாம் 2029 ஏப்ரல் வரை.

லினக்ஸில் ஓட்டையே இல்லை என்று சொல்லமாட்டேன். 2022 ஜனவரியில் வெளியே தெரிந்த பொன்கிட் (PwnKit) ஓட்டை, பன்னிரண்டு வருடத்துக்கும் மேலாக யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. சாதாரணப் பயனரை ரூட் ஆக்கிவிடும், அதாவது மெஷின் முழுவதன் அதிகாரத்தையும் அவர் கையில் கொடுத்துவிடும் ஓட்டை அது.

விண்டோஸ் 11-ஐக் குறுக்குவழியில் ஏற்றினால், அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. வருடாந்திரப் பதிப்பையும் நாமேதான் உட்கார்ந்து ஏற்ற வேண்டும். அப்பாவுக்கு அது ஆகாது. கூடுதல் அப்டேட் திட்டம் நல்லதுதான், ஆனால் ஒரு வருட அவகாசம் மட்டுமே. கணக்கு எழுத டேலி ஓட்டுபவர்களுக்கு விண்டோஸ்தான் வேண்டும். புது மெஷினுக்குப் பணம் சேரும்வரை அவர்கள் இதில் சேர்ந்துகொள்ளலாம்.

மின்டுக்கு மாறி நான்கு மாதம்தான் ஆகிறது. தமிழ்99 தட்டச்சு, பிரிண்டர் இரண்டும் ஒழுங்காக வேலை செய்கின்றன. ஸ்கேனரை இன்னும் மாட்டிப் பார்க்கவில்லை. அடுத்த பெரிய பதிப்புக்குத் தாவும்போது எப்படியிருக்கும் என்பதையும் அப்போதுதான் சொல்ல முடியும்.