டர்பனில் ஹாரன் செட் வாங்குபவர்களுக்கு: பெட்டியில் வரும் ரிலேயையும் வயரையும் நம்பாதீர்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் டவுனில் சில கார் உதிரிபாகக் கடைகளில் ‘ட்வின் ஹூட்டர் கிட்’ என்று ஒரு பெட்டி தொங்குகிறது. சிவப்பு நிறத்தில் இரண்டு ஹாரன், ஒரு ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் ஸ்விட்ச்), பியூஸ் ஹோல்டர், கோத்துத் தயாராக இருக்கும் வயர். பெயர்போன ஒரு ஜெர்மன் கம்பெனியின் பெயரை அட்டையில் போட்டு 650 ரேண்டுக்கு விற்கிறார்கள். டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் எனக்குத் தெரிந்த தமிழ் ஆட்களிலேயே இன்னும் இரண்டு பேர் அதே கடையில் அதே பெட்டியை வாங்கியிருக்கிறார்கள் என்று தைப்பூசக் காவடிக்குக் கோயிலுக்குப் போனபோது தெரிந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கடையின் பெயரைப் போடவில்லை. இதே பெட்டி பல கடைகளில் இருக்கிறது. ஒன்றைச் சொன்னால் மற்ற கடையில் போய் நிம்மதியாக வாங்குவீர்கள்.

முதலில் ஹாரனை ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்பவர்களுக்கு. இங்கே விற்கிற சின்ன கார்களில் பலவற்றுக்குக் கம்பெனியிலிருந்தே ஒற்றை டிஸ்க் ஹாரன்தான் வருகிறது. ‘மீக்’ என்று ஒரு சத்தம். பார்க்கிங்கில் ஆளைக் கூப்பிட அது போதும். என்3 நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரி ஒன்று நம் லேனுக்குள் மெதுவாகச் சாய்ந்து வரும்போது அந்த மீக்கை டிரைவர் கேட்பார் என்று நினைக்காதீர்கள். ஊருக்குள்ளும் இதே கதைதான். மினிபஸ் டாக்ஸிக்காரர்கள் ஆள் ஏற்ற நாள் முழுக்க அடித்துக்கொண்டே போகிறார்கள். அந்த இரைச்சலில் நம்முடையது எங்கே எடுபடும்? 90 மீட்டர் தூரத்துக்குத் தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதுதான் இந்த நாட்டுச் சாலை விதி. அந்த அளவுக்குச் சத்தம் வேண்டும் என்று ஆசைப்படுவதில் தப்பே இல்லை. ஆனால் சைரன் மாதிரி, சுருதி ஏறி இறங்குகிற ஹாரன் மாட்டக்கூடாது. வண்டி சாலைக்குத் தகுதியா என்று பார்க்கும் ரோட்வொர்த்தி சோதனையில் தேறாது.

கடைக்காரருக்கு என்னைவிட இருபது வயதாவது கூட இருக்கும். நெற்றியில் திருநீறு, வாயில் “வணக்கம் தம்பி”. மற்றதெல்லாம் ஆங்கிலம்தான், ஆனால் அந்த ஒரு வணக்கத்திலேயே நாம் பாதி பர்ஸைத் திறந்துவிடுகிறோம், இல்லையா? “ஒரிஜினல் ஜெர்மன் சரக்கு, தம்பி. ரிலே, வயர் எல்லாம் உள்ளேயே இருக்கு, நீங்களே மாட்டிக்கலாம்” என்றார். ரசீது கேட்டேன், கொடுத்தார். அந்த ரசீதுதான் பின்னால் என்னைக் காப்பாற்றியது.

மாட்டுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் வேலை தொடங்க வேண்டும். கிரில்லுக்குப் பின்னால் ஒரே போல்ட்டில் பழைய ஹாரன் நிற்கும். அதன் இரண்டு வயரையும் புது ஹாரனுக்கு நேராகக் கொடுக்கக்கூடாது, ரிலேயின் 85, 86 என்ற கால்களுக்குக் கொடுக்க வேண்டும். பேட்டரி பாசிட்டிவிலிருந்து பியூஸ் வழியாக 30க்கு ஒரு வயர், 87லிருந்து ஹாரன்களுக்கு ஒரு வயர். ஹாரனின் மறு காலிலிருந்து பாடிக்கு எர்த், அதுவும் பெயின்டைச் சுரண்டிய இடத்தில். ஸ்டீயரிங் பக்கமே போக வேண்டியதில்லை. அங்கே ஏர்பேக் இருக்கிறது, விளையாடவும் கூடாது. ரிலே எதற்கு என்றால், கார் கம்பெனி போட்ட மெல்லிய வயரும் ஸ்விட்சும் ஒற்றை ஹாரனின் கரண்டுக்குத்தான் கணக்கிடப்பட்டவை. இரண்டு பெரிய ஹாரன் சேர்ந்தால் 10 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். அந்தச் சுமையை ரிலே தாங்க வேண்டும். இந்தக் கிட்டில் ஏமாற்று வேலை நடந்திருப்பதே அங்கேதான்.

பூட்டிய புதிதில் சத்தம் பழையதைவிட நன்றாகத்தான் இருந்தது. அடிக்க அடிக்கக் கொஞ்சம் கரகரத்தது, மழை பெய்த மறுநாள் தொண்டை கட்டியது போலக் கேட்டது. கடலோரக் காற்று, ஈரம், டர்பனில் எல்லாக் கனெக்டரும் பச்சை பிடிக்கும் என்று நானும் விட்டுவிட்டேன்.

பிறகு ஹோவிக் போகும் வழியில், பீட்டர்மாரிட்ஸ்பர்க்கைத் தாண்டி ‘டவுன் ஹில்’ (Town Hill) என்ற மலை ஏற்றத்தில் நல்ல மூடுபனி. முன்னால் ஒரு பக்கி (பிக்கப் வண்டி) சிக்னல் போடாமல் என் லேனுக்கு வந்தது. நீளமாக ஒரு அடி அடித்தேன். பக்கி விலகிப் போய்விட்டது. கையை எடுத்தேன், ஹாரன் நிற்கவில்லை. தட்டினேன், குத்தினேன், நிற்கவில்லை. பக்கத்தில் வந்த லாரிக்காரர் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்துத் தலையில் விரலைச் சுழற்றிக் காட்டினார். மஞ்சள் கோட்டைத் தாண்டி ஓரம் கட்டி, பானட்டைத் திறந்தால் பிளாஸ்டிக் கருகும் நாற்றம். ரிலேயின் கறுப்புக் கூடு ஒரு பக்கம் தொய்ந்து போயிருந்தது. அதிலிருந்து போன வயரின் உறை இளகி, பக்கத்திலிருந்த ஹெட்லைட் வயரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பியூஸைப் பிடுங்கிய பிறகுதான் வாயை மூடியது. வண்டியில் என் மனைவியும் குழந்தையும் இருந்தார்கள். அந்த வயர் இன்னும் கொஞ்ச நேரம் காய்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைக்கப் பிடிக்கவில்லை.

பியூஸ் போகவே இல்லை என்பதைக் கவனியுங்கள். எனக்கும் முதலில் அது புரியவில்லை. பக்கத்துத் தெருவில் ஆட்டோ எலக்ட்ரீஷியனாக இருக்கும் அண்ணா ஒருவர்தான் எல்லாவற்றையும் மேசைமேல் பரப்பி வைத்துக் காட்டினார்.

ரிலேயின் மேல் ‘40 ஆம்பியர்’ என்று அச்சடித்திருக்கிறது. கூட்டை அறுத்துப் பார்த்தால் உள்ளே கான்டாக்ட் புள்ளி கடுகு அளவு. அவருடைய பெட்டியிலிருந்து நல்ல ரிலே ஒன்றையும் அறுத்துப் பக்கத்தில் வைத்தார். வித்தியாசத்தைக் காட்ட வாயே திறக்க வேண்டியிருக்கவில்லை. ஹாரனுக்குள் பிளாட்டினம் மாதிரி, தொட்டுத் தொட்டுப் பிரியும் ஒரு சின்ன அமைப்பு வினாடிக்கு நானூறு ஐந்நூறு முறை கரண்டை வெட்டி வெட்டி விடும். அப்படித்தான் தகடு அதிர்ந்து சத்தம் வருகிறது. அந்தத் துடிப்பான சுமையை இந்தப் புள்ளி தாங்கவில்லை. தீப்பொறி பட்டுப் பட்டு இரண்டு முனையும் ஒன்றோடொன்று வெல்டிங் ஆகிவிட்டன. ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்தாலும் சத்தம் நிற்காததற்குக் காரணம் இதுதான்.

வயர் இன்னும் மோசம். வெளியே பார்த்தால் விரல் பருமனுக்குச் சிவப்பு உறை. உரித்தால் அத்தனையும் ரப்பர், நடுவில் எண்ணி எடுக்கிற மாதிரி சில இழை. அண்ணா ஒரு இழையைக் கத்தி முனையால் சுரண்டினார். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியது. அலுமினியம் அதே பருமனில் செம்பைவிட ஒன்றரை மடங்குக்கும் மேலே கரண்டைத் தடுக்கும். அது போதாதென்று பருமனையும் குறைத்திருக்கிறார்கள். என் காரில் இன்னும் சுடாமல் மிஞ்சியிருந்த வயரை வைத்தே இஞ்சின் ஓடும்போது அளந்தார். பேட்டரியில் 14 வோல்ட். ஹாரன் காலில், சத்தம் வரும்போது, 11க்கும் கீழே. நல்ல வயரிங்கில் அரை வோல்ட் குறைந்தாலே அதிகம். மீதி மூன்று வோல்ட்டும் வயரைச் சூடாக்குவதற்குத்தான் போயிருக்கிறது.

பியூஸ் போகாததற்கும் அதுவே பதில். ஹாரன் இழுத்தது 10 ஆம்பியர், போட்டிருந்தது 20 ஆம்பியர் பியூஸ். பியூஸைப் பொறுத்தவரை எல்லாம் சரியாக நடக்கிறது. பியூஸ் இருப்பது வயரைக் காப்பதற்கு. வயர் தாங்கும் அளவைவிடப் பெரிய பியூஸை முன்னால் வைத்தால் வயர்தான் பியூஸாகிவிடும். அந்தக் கிட்டைத் தயாரித்தவனுக்கு இது தெரியாமல் இருக்காது.

சரி, ஹாரனாவது உண்மையா என்று பார்த்தோம். ஒன்றில் ‘எல்’, மற்றதில் ‘எச்’ என்று ஸ்டிக்கர். தாழ்ந்த சுருதி 400 ஹெர்ட்ஸ் பக்கம், உயர்ந்தது 500 பக்கம் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் பெரிய வண்டியின் கனத்த சத்தம் வரும். அண்ணாவின் மகன் போனில் கித்தார் சுருதி பார்க்கிற ஆப்பைத் திறந்து ஒவ்வொன்றாக அடிக்கச் சொன்னான். இரண்டும் ஒரே சுருதி! ஒரே ஹாரனையே இரண்டாகப் போட்டு, ஸ்டிக்கரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். ஐரோப்பிய அங்கீகாரமான வட்டத்துக்குள் ‘இ’ எழுத்தும் எண்ணும் நல்ல ஹாரனில் உடம்பிலேயே பதித்திருக்கும். இதில் அது காகிதத்தில் அச்சடித்து ஒட்டியது, நகத்தால் சுரண்டினால் வந்துவிடுகிறது. அட்டையில் ‘300 டெசிபல்’ என்றும் போட்டிருந்தது. கார் ஹாரனுக்கு அங்கீகாரம் கொடுக்கும்போது இரண்டு மீட்டரில் 105 முதல் 118 டெசிபல் வரை இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. 300 என்று போட்ட எந்தப் பெட்டியையும் அப்படியே திரும்ப வைத்துவிடுங்கள், வேறு சோதனையே தேவையில்லை.

எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். இந்த முறை வணக்கம் வரவில்லை. “எலக்ட்ரிக்கல் ஐட்டம், நோ ரிட்டர்ன். போர்டைப் பார்க்கலையா?” என்றார். பார்த்தேன், கல்லாவுக்கு மேலேயே இருந்தது. பிறகு, “நீங்களே மாட்டினா அதுக்கு நாங்க பொறுப்பில்லை” என்றார். நீங்களே மாட்டிக்கலாம் என்று சொன்னதும் இதே வாய்தான். கடைசியில் சலித்துக்கொண்டு, அதே மாதிரி இன்னொரு பெட்டி தருகிறேன், எடுத்துக்கொண்டு போங்கள் என்றார்.

இங்கே புதிதாக வந்தவர்கள் தெரிந்துகொள்ளுங்கள். தென்னாப்பிரிக்காவில் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 56ஆம் பிரிவு. வாங்கிய ஆறு மாதத்துக்குள் பொருள் குறையுள்ளது என்று தெரிந்தால் திருப்பிக் கொடுக்கலாம். பணமா, வேறு பொருளா, பழுது பார்ப்பதா என்பதைத் தீர்மானிப்பது நாம், கடைக்காரர் இல்லை. ‘நோ ரிட்டர்ன்’ போர்டு இந்த உரிமையை அழிக்காது. சொல்லப்பட்ட முறைக்கு மாறாகப் பொருளைத் திருத்தியிருந்தால்தான் அவர்களுக்குப் பேச இடம் உண்டு. ஹாரனைக் காரில் மாட்டுவது திருத்துவது ஆகாது, அதற்காகத்தானே விற்றார்கள்?

கவுன்டரில் சண்டை போட்டால் நேரம்தான் போகும். வீட்டுக்கு வந்து ஒரு மின்னஞ்சல் எழுதினேன். ரசீதின் படம், அறுத்த ரிலே, உரித்த வயர், இரண்டு ஹாரனின் சுருதி காட்டிய திரை எல்லாம் இணைத்து, 56ஆம் பிரிவைக் குறிப்பிட்டு, பணம் வராவிட்டால் புகார்களை விசாரிக்கும் மோட்டார் துறை ஒம்பட்ஸ்மனுக்குப் போவேன் என்று முடித்தேன். சின்னத் தொகை வழக்குகளுக்கான ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட் என்ற வழியும் இருக்கிறது. 20,000 ரேண்ட் வரை வழக்குப் போடலாம், வக்கீல் வைக்க முடியாது, வைக்கவும் தேவையில்லை. அதையும் ஒரு வரி சேர்த்தேன். கடையிலிருந்து போன் வந்தபோது குரலில் அந்தத் ‘தம்பி’ திரும்பியிருந்தது. 650 ரேண்ட் கணக்கில் வந்துவிட்டது. கருகிய ஹெட்லைட் வயரிங்குக்கு அண்ணாவிடம் கொடுத்த பணத்தை மட்டும் தர மாட்டேன் என்கிறார்கள். குறையுள்ள பொருளால் உடைமைக்கு வந்த சேதத்தைக் கேட்க 61ஆம் பிரிவு இடம் தருகிறது, அந்தக் கடிதம் இப்போதுதான் போயிருக்கிறது.

இப்போது காரில் இருப்பது தனித்தனியாக வாங்கியது. இரண்டு சுருதியும் உடம்பில் பதித்திருக்கும் ஹாரன், ரிலேயும் சாக்கெட்டும் எலக்ட்ரிக்கல் கடையில், 2.5 சதுர மில்லிமீட்டர் முழுச் செம்பு வயர் மீட்டர் கணக்கில், பேட்டரிக்கு ஒட்டி 15 ஆம்பியர் பியூஸ். மொத்தம் அந்தக் கிட்டைவிடக் கொஞ்சம்தான் கூட வந்தது. நத்தை மாதிரி வளைந்த ஹாரன் வாங்கினால் வாயைக் கீழ்ப்பக்கம் பார்க்க வையுங்கள், மேலே பார்த்தால் தண்ணீர் தேங்கும். ஹாரனின் உடம்பு காரின் தகரத்தைத் தொடவும் கூடாது, தொட்டால் சத்தம் அமுங்கிவிடும்.

ஏற்கெனவே இந்தச் சிவப்புக் கிட்டை மாட்டியிருப்பவர்கள், வண்டியை நிறுத்திவிட்டு யாரையாவது கொஞ்ச நேரம் ஹாரனை அழுத்தச் சொல்லி, ரிலேயையும் பேட்டரியிலிருந்து வரும் சிவப்பு வயரையும் தொட்டுப் பாருங்கள். சூடு தெரிந்தால் அந்த பியூஸை அப்போதே பிடுங்கிவிட்டு, பழைய ஹாரனையே திரும்ப இணைத்துக்கொள்ளுங்கள். ரசீது இருந்தால் தூக்கிப் போடாதீர்கள், ஆறு மாதக் கணக்கு அதில் போட்டிருக்கும் தேதியை வைத்துத்தான்.