தூங்கிட்டே போறதா, புள்ள பெத்துட்டே போறதா?

மனுஷன் வேற நட்சத்திரத்துக்கு எப்படி போறதுங்கறதுதான் கேள்வி. பக்கத்து நட்சத்திரம் ப்ராக்ஸிமா சென்டாரியே 4.24 ஒளியாண்டு தூரம், 1977ல விட்ட வாயேஜர் 1 விண்கலத்தோட ஸ்பீடுல போனா 70,000 வருஷத்துக்கு மேல ஆகும். உறைஞ்சு தூங்கிட்டே போனா தனிமை தெரியாது, ஆனா காவலுக்கு ஒருத்தன் முழிச்சிருக்கணும்ல, அவன் கதி? காசிமேட்டுல நம்ம மச்சான் பதினஞ்சு நாள் கடல்லயே தங்கி மீன் புடிக்க, அதான் தங்கல், போனாலே, ராத்திரி வீல் புடிக்கிறவன் வயர்லெஸ்ல பக்கத்து போட்டுக்காரன கூப்ட்டு சும்மா "சாப்ட்டியா"ன்னு கேப்பானாம், அந்த நட்சத்திரத்துக்கு போய் சேர்ந்துட்டு பூமிய கேட்டா பதில் வர எட்டரை வருஷம். தலைமுறை கப்பல்னா, அதாவது வழியிலயே புள்ள பெத்து தலைமுறை தலைமுறையா போறதுன்னா, கூட்டம் இருக்கும், சரி, நடுவுல பொறக்குற புள்ளைகிட்ட "வர்றியா"ன்னு எவன் கேட்டான்? பூமியும் பாக்காது, போற ஊரும் பாக்காது. எனக்கு தூக்கம்தான் பெட்டர், கஷ்டம் ஒத்துக்கிட்டவனோட போயிடும். மச்சான் தலைய ஆட்டல, ஐஸ் ஏத்தணும்னு எழுந்து போயிட்டான்.