நிறம் மாறும் மூன்று கார்கள்: எதை எடுக்கலாம்?

மயில்கழுத்துப் பட்டில் பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். புடவை அசைய அசைய இரண்டும் மாறி மாறித் தலைகாட்டும். நிறம் மாறும் கார் பெயின்டில் அப்படி இரண்டு சாயம் கிடையாது. குரோமாஃபிளேர் என்ற நிறமியையே எடுத்துக்கொள்வோம்: நடுவில் அலுமினியம், இரு பக்கமும் மெக்னீசியம் ஃப்ளோரைடு, அதற்கு மேல் ஒளி புகும் அளவுக்கு மெல்லிய குரோமியம். மொத்தத் தடிமனே ஏறக்குறைய ஒரு மைக்ரான். பார்க்கும் கோணம் மாறினால் எதிரொளிக்கும் நிறமும் மாறும். 1996-ல் வந்த 100 டாலர் நோட்டின் மூலையில் இருக்கும் எண்ணும் இதே வித்தையால்தான் பச்சையிலிருந்து கறுப்பாகிறது.

அதே 1996-ல்தான் ஃபோர்டு தன் மஸ்டாங் கோப்ராவை 'மிஸ்டிக்' நிறத்தில் விற்றது. பச்சை, பொன், ஊதா என்று மாறும் கார். 1,999 கூப்பேக்கள் (கூரை நிலையான இரண்டு கதவுக் கார்) மட்டும். கூடுதல் விலை 815 டாலர். இந்த ஜாலத்துக்கு அது கொள்ளை மலிவு! ஆனால் நிழலில் நிறுத்தினால் கார் மங்கிப்போய் ஏதோ அடர்நிறக் கார் போலத்தான் தெரியும்.

அதே கோப்ராவில் ஃபோர்டு தந்த 2004-ன் 'மிஸ்டிக்ரோம்' நிறம் அந்தக் குறையை வைக்கவில்லை. பளிச்சென்ற பச்சை, நீலம், ஊதா, கறுப்பு என்று ஒரே கதவிலேயே நான்கும் ஓடும். சீட்டுக்கும் ஸ்டியரிங்குக்கும்கூட நிறம் மாறும் தோல். 515 கூப்பே, கூரை மடங்கும் கன்வர்ட்டிபிள் 495. சூப்பர்சார்ஜர் (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் கருவி) வைத்த 390 குதிரைத்திறன் எஞ்சின், மிஸ்டிக்குக்கு 305தான். கண்காட்சியில் கூட்டம் சேர வேண்டுமா, இதுதான். எனக்குக் கொஞ்சம் திருவிழாத்தனமாகப் படுகிறது, சீட்டுவரை போயிருக்க வேண்டாம்.

அப்புறம் நிஸான். ஆர்34 ஸ்கைலைன் ஜிடி-ஆரில் 1999-ல் மிட்நைட் பர்ப்பிள் 2, மறு ஆண்டு 3. 280-ஐத் தாண்டி அறிவிப்பதில்லை என்ற ஜப்பானியக் கம்பெனிகளின் உடன்பாட்டுப்படி காகிதத்தில் 280 குதிரைத்திறன். உண்மையில் அதற்கு மேல் என்பது ஊரறிந்த ரகசியம். பெயின்டும் அந்தக் குணம்தான்: தூரத்தில் கிட்டத்தட்டக் கறுப்பு, வெயில் சாய்ந்து விழும்போதுதான் ஊதா எழும். என் ஓட்டு மிட்நைட் பர்ப்பிள் 3-க்கு. தினமும் பார்த்தாலும் அலுக்காத நிறம் அது. விலைதான் மற்ற இரண்டையும்விட எங்கேயோ உயரத்தில் இருக்கிறது.

மூன்றுக்கும் பொதுவான தலைவலி ரிப்பேர். ஒரு ஃபெண்டரில் (முன் சக்கரத்துக்கு மேலே இருக்கும் தகடு) சின்ன ஒடுக்கு விழுந்தால் அதை மட்டும் அடித்துவிட்டுப் போக முடியாது. அடியில் உள்ள நிறம், எத்தனை கோட், பெயின்ட் தெளிக்கும் துப்பாக்கியைப் பிடித்த கோணம் எதில் பிசகினாலும் பக்கத்துப் பேனலோடு சேராது. கதவு வரை இழுத்துக் கலக்க வேண்டும். மிஸ்டிக்ரோம் பெயின்டைக் கடையில் போய் வாங்கவும் முடியாது, ஃபோர்டு அதைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருந்தது.

அதனால் பழைய கார் பார்க்கப் போனால் சாயங்கால வெயிலில் போங்கள். முன் விளக்கருகே நின்று மெதுவாகப் பின்னால் நடங்கள். ஃபெண்டர் நீலமாகும் அதே அடியில் கதவும் நீலமாக வேண்டும். கதவு ஒரு அடி தாமதித்தால், அந்தக் கார் எங்கேயோ பட்டறை பார்த்திருக்கிறது.