மந்தாரையைக் கவாத்து செய்யச் சொன்னேன், மொட்டையடித்துவிட்டுப் போனார்கள்: 8,500 போச்சு

முந்தாநாள் காலை வரை எங்கள் வீட்டு முன்னால் ஒரு மந்தாரை மரம் இருந்தது. பதினோரு வருட மரம். இப்போது நிற்பது ஒரு தண்டும் அதன் மேல் நான்கு முண்டுகளும். இதற்கு நான் கொடுத்த கூலி 8,500.

வேறு யாரும் இப்படி மாட்டக்கூடாது என்றுதான் எழுதுகிறேன். கடைசியில் என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யக்கூடாது என்று விவரமாகச் சொல்கிறேன்.

நான் கேட்டது மூன்றே மூன்று கிளை. மாடிக் கைப்பிடிச் சுவரில் உரசுகிற இரண்டு, நடுவில் காய்ந்து நிற்கிற ஒன்று. வீட்டு வேலைகளுக்கு ஆள் அனுப்புகிற ஒரு செயலியில் பதிவு செய்தேன். பெயர் சொல்லவில்லை, எல்லாம் ஒரே ரகம்தான். அதில் ‘மரம் வெட்டுதல்’ என்று ஒரு கட்டம் இருந்தது. கவாத்து என்று எதுவும் இல்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

வந்தவர் நல்ல மாதிரியாகத்தான் தெரிந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு மரத்தடிக்குப் போனார். தண்டை உள்ளங்கையால் தடவினார், இரண்டு இடத்தில் விரலால் தட்டிப் பார்த்தார். “புள்ள மாதிரி வளர்த்திருக்கீங்க சார்” என்றார். அந்த ஒரு வார்த்தையில் விழுந்துவிட்டேன். அப்புறம் அண்ணாந்து பார்த்து, “இலையெல்லாம் கொட்டிடுச்சு, மரம் தூங்குது. வெட்ட இதான் சரியான நேரம்” என்றார்.

பாதி உண்மை என்பது முழுப் பொய்யைவிடக் கொடுமை. மரம் ஓய்வில் இருக்கும்போது கவாத்து செய்யலாம் என்பது பல மரங்களுக்குச் சரிதான், நானும் படித்திருக்கிறேன். ஆனால் இந்த மந்தாரை இலையை உதிர்த்துவிட்டு, போன பருவத்தில் வளர்ந்த கிளைகளில்தான் பூக்கும். அந்த நேரத்தில் கிளையை எடுத்தால் பூவையே எடுத்த மாதிரி. பூத்து ஓய்ந்த பிறகு வெட்ட வேண்டிய மரம் இது. அன்றைக்கு ஒவ்வொரு கொப்பிலும் மொட்டு இருந்தது.

முன்பணம் 3,000 வாங்கினார். அப்படியே, “நடுவுல சிக்னல் போயிடும் சார், முடிக்கிற ஓடிபியையும் இப்பவே சொல்லிடுங்க” என்றார். சொன்னேன். படித்தவன்தான் நான், சொன்னேன்.

அந்த நேரம் பார்த்து அலுவலகத்திலிருந்து அழைப்பு. முக்கால் மணி நேரம் உள்ளே இருந்தேன். ரம்ப மெஷின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மூன்று கிளைக்கு இவ்வளவு நேரமா என்று ஒருமுறை தோன்றியது, எழுந்து போகவில்லை. வெளியே வந்தபோது வாசல் முழுக்க வெளிச்சம். அம்மா கீழே உட்கார்ந்து மொட்டுக் கொப்புகளாகப் பொறுக்கி வாளித் தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தார். விரல் நீள மொட்டுகள், நுனியில் ஊதா எட்டிப்பார்க்கிறது.

பெரிய கிளை ஒன்றை மேலிருந்தே அறுத்திருக்கிறார்கள். பாதி அறுக்கும்போதே அது தன் பாரத்தில் முறிந்து, தண்டின் பட்டையை ஒரு முழத்துக்கு உரித்துக்கொண்டு விழுந்திருக்கிறது. உள்ளே வெளுத்த ஈரக் கட்டை தெரிந்தது, தொட்டால் வழுக்கியது. தண்டிலிருந்து ஓர் அடி தள்ளி முதலில் அடிப்பக்கம் ஒரு வெட்டு போட்டிருந்தால் பட்டை கிழிந்திருக்காது. அதன் பிறகு சற்று வெளியே மேலிருந்து அறுத்துப் பாரத்தை இறக்கிவிட்டு, கடைசியாக மிச்சத்தை, கிளை தண்டோடு சேரும் இடத்தில் இருக்கிற புடைப்பை ஒட்டி, புடைப்பைச் சேதப்படுத்தாமல் எடுப்பார்கள். மூன்று வெட்டு, அவ்வளவுதான் வித்தை.

வெட்டுவாயில் எல்லாம் பச்சைப் பெயிண்ட். “மருந்து சார்” என்று அதற்குத் தனியாக 500, அந்த 8,500-க்குள் அதுவும் அடக்கம். அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களைப் பிளந்து பார்த்துச் சொன்னது: மரத்தின் காயம் நம் தோல்போல ஆறுவதில்லை, மரம் அதைச் சுற்றித் தடுப்பு எழுப்பி உள்ளேயே அடைத்துவிடுகிறது. மேலே பூசுகிற பூச்சு அழுகலைத் தடுக்காது என்பதும் அவர் காட்டியதுதான். இதையெல்லாம் நேற்று ராத்திரி உட்கார்ந்து படிக்கிறேன். எப்போது படித்திருக்க வேண்டும்!

மீதி 5,500-ஐ ஏன் கொடுத்தாய் என்று கேட்பீர்கள். ஓடிபி போனதுமே செயலி தானாக எடுத்துக்கொண்டுவிட்டது.

அந்த ஆளுக்குப் போன் செய்தேன். முதல் தடவை, “துளிர்த்துடும் சார், முன்னவிட அடர்த்தியா வரும்.” வரும்தான். மொட்டையடித்த மரம் உயிருக்குப் பயந்து பட்டைக்கடியில் தூங்கும் மொட்டுகளிலிருந்து விளக்குமாறுபோலக் குச்சி குச்சியாகத் தள்ளும். அதற்குப் பிடிப்பு கிடையாது, பெருத்த பிறகு காற்றில் பிய்ந்து விழும். இரண்டாம் தடவை, “வண்டி ஓட்டிட்டிருக்கேன்.” மூன்றாம் தடவை எடுக்கவே இல்லை.

செயலியில் புகார் செய்யப் போனால் ‘பிரச்சினையைத் தேர்ந்தெடுக்கவும்’ என்கிறது. ஆள் வரவில்லை, தாமதமாக வந்தார், கூடுதலாகக் கேட்டார். ‘வேண்டியதற்கு மேல் வெட்டிவிட்டார்’ என்று ஒன்று இல்லை. எப்படியோ ஒரு பெண் பேசினார். “வேலை முடிந்ததாக நீங்களே உறுதி செய்திருக்கிறீர்கள் சார்.” படம் அனுப்பினேன். “நீங்கள் பதிவு செய்தது மரம் வெட்டுதல்தானே சார்?” என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை. சாயங்காலம் பார்த்தால் புகார் மூடப்பட்டிருக்கிறது, அடுத்த வேலைக்கு 200 தள்ளுபடி என்று ஒரு கூப்பன். 8,500-க்கு 200!

சரி, விவரமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது பொறுமை இல்லை. எந்தக் கிளை என்று சுண்ணாம்பாலோ கயிற்றாலோ அடையாளம் போடுங்கள், படம் எடுத்து வையுங்கள். உங்கள் மரம் பழைய கிளையில் பூக்குமா புதுத் துளிரில் பூக்குமா என்று தெரியாமல் ஆளைக் கூப்பிடாதீர்கள். பச்சைக் கிளையில் ஒரே தடவையில் கால் பங்குக்கு மேல் எடுக்க விடாதீர்கள். ஓடிபியை வேலை முடிந்து மரத்தைப் பார்த்த பிறகு சொல்லுங்கள். ரம்பம் ஓடும்வரை மரத்தடியை விட்டு நகராதீர்கள், யார் போன் செய்தாலும்.

வெட்டிப் போட்ட கொப்புகள் இன்னும் வாசலில்தான் கிடக்கின்றன. அள்ளிப் போக அவர்களிடம் கேட்டேன். அது வேறு சேவையாம், தனியாகப் பதிவு செய்ய வேண்டுமாம்.