நாவலை யாரிடம் கொடுப்பது: ஏஜென்ட்டா, சிறு பதிப்பகமா, சுயபதிப்பா?

ஆங்கிலத்தில் முதல் நாவலை முடித்தவர்கள் பெரும்பாலும் கேட்பது, எந்த வழியில் பணம் அதிகம் என்று. அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: எதை முதலில் முயன்று பார்த்தால் மற்ற இரண்டும் கைவசம் இருக்கும்? ஏஜென்ட்டுகள், அதாவது எழுத்தாளர் சார்பில் பதிப்பகங்களிடம் நாவலை விற்றுத் தருபவர்கள், எல்லோரும் மறுத்துவிட்டால் நாவலைச் சிறு பதிப்பகத்துக்கு அனுப்பலாம், நீங்களே வெளியிடவும் செய்யலாம். நீங்களே வெளியிட்டு நூறு பிரதி விற்ற நாவலை எடுத்துக்கொண்டு ஏஜென்ட்டிடம் போனால், அநேகமாகப் பதில்கூட வராது.

பென்குவின் ரேண்டம் ஹவுஸ், ஹார்ப்பர்காலின்ஸ் போன்ற பெரிய பதிப்பகங்கள் எழுத்தாளர் நேரடியாக அனுப்புவதைப் பெரும்பாலும் படிப்பதில்லை. அங்கே நுழைய ஏஜென்ட் வேண்டும். உங்கள் வருமானத்தில் அவர் பங்கு வழக்கமாக 15 சதவீதம், வெளிநாட்டு, மொழிபெயர்ப்பு உரிமைகளில் 20. புத்தகம் விற்றால்தான் அவருக்குக் காசு. படித்துப் பார்க்கவே கட்டணம் கேட்பவர் ஏஜென்ட் இல்லை, அவ்வளவுதான். 15 சதவீதம் அநியாயம் என்று சிலர் குமுறுவார்கள். ஆடியோ, திரைப்படம், மொழிபெயர்ப்பு உரிமைகளைப் பதிப்பகத்துக்குச் சும்மா தாரைவார்க்காமல் ஒப்பந்தத்தில் காப்பாற்றித் தருகிற ஆளுக்கு அது அதிகமில்லை.

கஷ்டம், அவர் கண்ணில் படுவதுதான். அதற்காக நாவலை அறிமுகப்படுத்தி அவருக்கு எழுதும் குவெரி கடிதம் ஒரு பக்கம், ஏறத்தாழ 300 சொற்கள். யாருடைய கதை, அவருக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது, தோற்றால் எதை இழப்பார் என்பதோடு நாவலின் வகை, மொத்தச் சொற்கள், சமீபத்தில் வந்த ஒத்த நாவல்கள் இரண்டு. முடிவைச் சொல்லக் கூடாது, அது கதைச்சுருக்கத்தில் வரும். பிரிட்டனில் கடிதத்தோடு கதைச்சுருக்கமும் முதல் மூன்று அத்தியாயங்களும் கேட்பது வழக்கம். பெரியவர்களுக்கான முதல் நாவல் என்றால் 80,000 முதல் 1,00,000 சொற்கள் பாதுகாப்பான அளவு. 2,00,000 என்று எழுதினால் கடிதத்தின் மீதியை யாரும் படிக்க மாட்டார்கள்.

நூறு பேருக்கு ஒரே நாளில் அனுப்பாதீர்கள். ஏழெட்டுப் பேராகப் பிரித்து அனுப்புங்கள். ஒருவரும் முழுப் பிரதி கேட்கவில்லை என்றால் கோளாறு கடிதத்தில் அல்லது முதல் பக்கங்களில். கேட்டு வாங்கிப் படித்துவிட்டு மறுக்கிறார்கள் என்றால் கோளாறு நாவலுக்குள். முதல் வகையை ஒரு வாரத்தில் சரிசெய்யலாம், இரண்டாவதற்கு மாதங்கள் ஆகும். எல்லோரிடமும் ஒரே சமயத்தில் கொட்டிவிட்டால், திருத்திய பிறகு அனுப்ப ஆள் மிஞ்சாது.

எல்லாம் கூடி வந்தாலும் ஒப்பந்தத்திலிருந்து புத்தகம் கடைக்கு வர ஒன்றரை, இரண்டு வருடம் பிடிக்கும். முன்பணமும் ஒரே தவணையில் வராது: கையெழுத்திடும்போது கொஞ்சம், திருத்திய பிரதியை ஏற்கும்போது கொஞ்சம், வெளியாகும்போது மீதி.

சிறு பதிப்பகங்கள் பல ஏஜென்ட் இல்லாமலே படிக்கும். முன்பணம் சொற்பம், சில இடங்களில் அதுவும் கிடையாது. ஆனால் 50,000 சொற்களில் அடங்கும், வடிவத்தில் விளையாடும் நாவலுக்கு அக்கறையான எடிட்டர் கிடைப்பது பெரும்பாலும் இங்கேதான். ஒப்பந்தத்தில் உரிமை எப்போது உங்களிடம் திரும்பும் என்ற பிரிவை மட்டும் இரண்டு தடவை படியுங்கள். ‘மின்னூலாகக் கிடைத்துக்கொண்டிருக்கும் வரை உரிமை பதிப்பகத்துக்கே’ என்று இருந்தால் அது ஒருநாளும் திரும்பாது. ‘ஆண்டு விற்பனை இத்தனை பிரதிக்குக் குறைந்தால் உரிமை திரும்பும்’ என்று எண்ணிக்கை போட்டுக் கேளுங்கள்.

பதிப்பகம் என்ற பெயரில் உங்களிடமே பணம் கேட்பவர்களும் உண்டு. நாவல் அருமை என்று மூன்றே நாளில் கடிதம் வரும், பின்னாலேயே ‘பங்களிப்புத் தொகை’ கேட்டு இன்னொன்று வரும். இப்படி எழுத்தாளர்களை ஏமாற்றுபவர்களைப் பற்றி எச்சரிக்கும் ரைட்டர் பிவேர் தளத்தில் அந்தப் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு அப்புறம் பேசுங்கள்.

சுயபதிப்பில் சதவீதம் மயக்கும். 2007இல் தொடங்கிய, அமேசானின் சுயபதிப்புச் சேவையான கேடிபியில் (கிண்டில் டைரக்ட் பப்ளிஷிங்) மின்னூல் விலை 2.99 முதல் 9.99 டாலருக்குள் இருந்தால் முக்கியச் சந்தைகளில் 70 சதவீதம் உங்களுக்கு. அந்த வரம்புக்கு வெளியே 35. பெரிய பதிப்பகமோ மின்னூலில் தனக்கு வரும் தொகையில் 25 சதவீதம்தான் தருகிறது. சரி, ஆனால் எடிட்டர், அட்டை, விளம்பரம் மூன்றுக்கும் செலவு உங்களுடையது. அதிலேயே உள்ள கேடிபி செலக்ட் என்ற திட்டத்தில் சேர்ந்தால் 90 நாள் அந்த மின்னூலை வேறெங்கும் விற்க முடியாது.

வருடத்துக்கு மூன்று நாவல் எழுதக்கூடிய காதல் தொடர் எழுத்தாளர் என்றால், நான் சொன்ன வரிசையை மறந்துவிட்டு நேராகச் சுயபதிப்புக்குப் போகலாம். முதல் பாகம் பிடித்தவர் அடுத்ததை அன்றே வாங்குவார். அங்கே இரண்டு வருடக் காத்திருப்பு நஷ்டம். தனித்து நிற்கும் ஒற்றை நாவலுக்கு அந்த வசதி இல்லை. அதற்கு நான் ஏஜென்ட்டைத்தான் முதலில் சொல்வேன்.

அதே நாவலை ஏஜென்ட்டுகளுக்கும் பதிப்பகங்களுக்கும் ஒரே நேரத்தில் அனுப்ப வேண்டாம். ஒரு பதிப்பகம் மறுத்ததை ஏஜென்ட் அங்கேயே மறுபடி கொண்டுபோய் விற்பது கடினம். பதிலுக்காகக் காத்திருக்கும் மாதங்களில் அடுத்த நாவலைத் தொடங்குங்கள். இதன் இரண்டாம் பாகத்தை அல்ல: முதல் பாகம் விலைபோகாவிட்டால் அதை வைத்து யாரையும் அணுக முடியாது.